கட்டியதைப் பிரிக்கும் வேலை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்க்விம் என்றொரு சிற்றூர். ஆண்டுக்கு ஏறக்குறைய 40 செ.மீ. மழைதான் அங்கே பெய்கிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டர் சொச்சம் மேற்கே போனால் ஹோ மழைக்காடு. அங்கே 350 செ.மீ. நடுவில் ஒலிம்பிக் மலை நிற்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தென்மேற்குச் சரிவில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி வடகிழக்கே இறங்கும்போது வெறுங்கையோடு வருகிறது. பொதிகைக்குக் கிழக்கே பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேரளத்தில் மழையைப் பெய்துவிட்டு எங்கள் பக்கம் வெறும் காற்றாக வீசும் ஆனி ஆடியைப் பார்த்து வளர்ந்தவன் நான். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எங்களுக்கு முற்றத்துச் செய்தி.

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். கோடை விடுமுறையில் சியாட்டில் பக்கம் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் ஓர் ஆர்.வி. வாடகைக்கு எடுத்து என்னையும் என் மனைவியையும் அந்தப் பக்கம் அழைத்துப் போனான். நம் ஊரில் சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுதான். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. மாலையில் ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்த்து, குழாயும் மின்கம்பியும் பொருத்த வேண்டும். காலையில் எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பக்கத்தில் நின்ற வண்டிகளில் பாதிப் பேர் எங்கள் வயதுக்காரர்கள். அவர்களில் சிலர், பிள்ளைகள் போன பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு, இதையே வீடாக்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். என் மனைவிக்கு அது ஆறவே இல்லை. “வீட்ட வித்துட்டு எப்படிங்க தூக்கம் வரும்?” என்று அன்று இரவு கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னோடு பயணம் முழுவதும் வந்தது.

ஸ்க்விம் லாவெண்டருக்குப் பேர்போன ஊர். ஜூலையில் பூக்கும். மலையடிவாரச் சமவெளியில் வரிசை வரிசையாக ஊதா மேடுகள். கிட்டப் போனால் ஒவ்வொரு வரிசையிலும் தேனீக்களின் ரீங்காரம். லாவெண்டருக்குக் காலில் ஈரம் ஆகாது. வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். ஆகவே மழை குறைந்த, நீர் வடியும் மண்ணுள்ள இந்த இடம் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஒரு காலத்தில் இது மாட்டுப் பண்ணைகளின் பூமி. பால் தொழில் நொடித்து, நிலமெல்லாம் வீட்டு மனையாகப் போய்க்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுவில், விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே காப்பாற்ற வழி தேடியவர்கள் லாவெண்டரைக் கையில் எடுத்தார்கள்.

மாட்டுப் பண்ணைக்கும் முன்பு அங்கே கள்ளியும் காய்ந்த புல்லும்தான். 1895-ல் டஞ்செனஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வந்தார்கள். தண்ணீர் வந்ததைக் கொண்டாட மறு ஆண்டு ஒரு திருவிழா எடுத்தார்கள்; பாசனத் திருவிழா என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. ஒரு வாய்க்காலுக்கு இத்தனை ஆண்டுகளாக விழா எடுக்கும் ஊரைப் பார்த்ததில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிற நமக்கு அந்த மனம் புரியும். அங்கே கொஞ்ச நேரம் வாய்க்கால் கரையிலேயே நடந்தேன்.

லாவெண்டர் தோட்டத்தில் எனக்குப் புதிதாக இருந்தது கவாத்துதான். நட்ட முதல் ஆண்டில் செடியைப் பூக்க விடுவதில்லை. மொட்டுத் தண்டு எழ எழ வெட்டிவிடுகிறார்கள். வேர் பிடிக்கட்டும் என்று. பிறகு ஒவ்வோர் ஆண்டும் பூ அறுத்தவுடன் செடியை நன்றாகக் குறைத்து வெட்ட வேண்டும். விட்டுவிட்டால் அடித்தண்டு கட்டையாக முற்றி, நடுவில் பிளந்து சாய்ந்துவிடும். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செடி களைத்துப்போகும். அப்போது வரிசையோடு பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுகிறார்கள். எண்ணெய்க்கு வளர்க்கும் லாவண்டின் என்ற கலப்பினம் விதையே கட்டாது. தண்டை வெட்டி நட்டுத்தான் அடுத்த செடி. அதாவது இந்த ஊதா அழகு முழுக்கக் கத்தரியின் வேலை. பூவைப் பார்க்க வருகிறவர்கள் ஜூலையில் வருகிறோம். வெட்டும் வேலையை யாரும் படம் எடுப்பதில்லை.

மறுநாள் போர்ட் ஏஞ்சலிஸ் ஊர் வழியாக ஹரிக்கேன் ரிட்ஜ் ஏறினோம். கடல் மட்டத்திலிருந்து 17 மைல் சாலையில் 5,242 அடி உயரத்துக்குப் போய்விடலாம். மேலே 1952 முதல் இருந்த பயணியர் விடுதிக் கட்டடம் 2023 மே மாதம் எரிந்துபோனது. ஆனாலும் எதிரே பனிமூடிய சிகரங்கள் இருந்தபடி இருக்கின்றன; கூட்டத்துக்கும் குறைவில்லை. புல்வெளியில் மார்மட் என்ற பெரிய அணில் இனத்தைப் பார்த்தோம். மார்மட்களில் அங்கே இருக்கும் வகை உலகில் இந்த மலைத்தொடரில் மட்டுமே உண்டு. இருக்கக் கூடாத ஒன்று அங்கே இல்லாமல் போயிருந்தது; அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளை மலை ஆடுகள் இந்த மலைக்கு உரியவை அல்ல. 1920-களில், தேசியப் பூங்கா வருவதற்கு முன், வேட்டைக்காக ஒரு டஜன் அளவில் கொண்டு வந்து விட்டார்கள். அவை பெருகின. ஆட்டுக்கு உப்பு வேண்டும். இந்த மலையில் இயற்கையான உப்பு மண் கிடையாது. ஆகவே மனிதரின் வியர்வையையும் சிறுநீரையும் தேடி நடைபாதைகளுக்கு வர ஆரம்பித்தன. வேறெங்கும் இல்லாத செடிகளை மேய்ந்து மிதித்தன. 2010-ல் ஒரு கிடாய் நடைபயணி ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டது. 2018-லிருந்து 2020 வரை மூன்று கோடைகளில், ஆடுகளின் கண்ணைக் கட்டி, வலையில் தொங்கவிட்டு, ஹெலிகாப்டரில் இறக்கி, குளிரூட்டிய வண்டிகளில் ஏற்றி, அவற்றின் பூர்வீகமான கேஸ்கேட் மலைகளுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டவற்றைக் கொண்டு சேர்த்தார்கள். கொண்டு வந்தவர்களுக்கு ஆன சிரமத்தைவிடத் திருப்பிக் கொண்டுபோனவர்களுக்குப் பல மடங்கு. செய்ததைக் கலைப்பது செய்வதைவிடக் கடினமான வேலை என்பது அந்த மலையில் எனக்கு உறைக்க ஆரம்பித்தது.

முழுதாக உறைத்தது எல்வா ஆற்றில்.

எல்வா நீளமான ஆறு அல்ல, 45 மைல்தான். ஒலிம்பிக் மலையின் பனியில் பிறந்து வடக்கே ஓடிக் கடலில் விழுகிறது. அதில் சால்மன் மீன்கள் ஏறும். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி அதே ஆற்றுக்கு வந்து, முட்டையிட்டதும் பெரும்பாலானவை அங்கேயே சாகும். அழுகும் மீன் உடல்தான் கரைக்காட்டுக்கு உரம். ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் கீழ் எல்வா கிளாலம் மக்களுக்கு அந்த மீன்தான் சோறு, அதுதான் சாமி.

1910-ல் ஆற்றின் குறுக்கே அணை கட்ட ஆரம்பித்தார்கள். தாமஸ் ஆல்ட்வெல் என்பவரின் முயற்சி. அஸ்திவாரம் பாறை வரை போகவில்லை. 1912-ல் நீர் ஏறும்போது அடியில் பிய்த்துக்கொண்டு வெள்ளம் பாய்ந்தது. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடித்தளம் சரியில்லாத கட்டுமானத்தை நினைத்தால் எந்தப் பொறியாளருக்கும் அப்படித்தான் இருக்கும். ஓட்டையைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்து 1913-ல் முடித்தார்கள். மேலே, மலை இடுக்கில், 1927-ல் இரண்டாவதாக கிளைன்ஸ் கேன்யன் அணை, 210 அடி உயரம். மீன் ஏற வழி விட வேண்டும் என்று அந்த மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது. இரண்டு அணைகளிலும் மீன்வழி இல்லை. கீழ் அணை கடலிலிருந்து ஐந்து மைல் தூரத்தில் இருந்ததால், 45 மைல் ஆற்றில் மீனுக்கு அந்த ஐந்து மைல் மட்டுமே மிஞ்சியது.

அணைகள் கெட்ட எண்ணத்தில் கட்டப்பட்டவை அல்ல. அவற்றின் மின்சாரத்தில்தான் போர்ட் ஏஞ்சலிஸ் ஊரும் மர ஆலைகளும் வளர்ந்தன. அந்தக் காலத்துக்கு அது வேலை செய்தது. ஆனால் காலம் போகப் போக அணை கொடுத்தது குறைந்து, அதனால் போனது கூடிக்கொண்டே வந்தது. 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆற்றை மீட்கச் சட்டம் இயற்றியது. 2011 செப்டம்பரில்தான் முதல் கல்லைப் பெயர்த்தார்கள். இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள்.

இந்த இருபது ஆண்டுகளைத் தாமதம் என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. அணைக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு கோடி கன மீட்டர் வண்டல் தேங்கி இருந்தது. ஒரே நாளில் உடைத்தால் அவ்வளவும் ஆற்றில் இறங்கும். ஊரின் குடிநீரும் அதே ஆறு. ஆகவே முதலில் நீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். பள்ளத்தாக்கில் நடுவதற்கு அந்த மண்ணுக்கே உரிய செடிகளின் விதைகளைச் சேர்த்து நாற்று வளர்த்தார்கள். பிறகு அணையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். ஏரி சில அடி இறங்கும். நிறுத்துவார்கள். மீன் ஏறும் காலத்தில் வேலையை நிறுத்துவார்கள். மறுபடி வெட்டுவார்கள். கீழ் அணை 2012-ல் போயிற்று; மேல் அணையின் கடைசிக் கான்கிரீட் 2014 ஆகஸ்டில். ஓர் அணையைக் கட்டும்போது எத்தனை வரைபடமும் கணக்கும் வேண்டுமோ அத்தனையும் அதைப் பிரிப்பதற்கும் போட்டிருக்கிறார்கள். என் வேலைக்காலத்தில் மதகு கட்டியிருக்கிறேன், கலங்கல் உயர்த்தியிருக்கிறேன், வாய்க்காலுக்குக் கரை எடுத்திருக்கிறேன். பிரிப்பதற்கு வரைபடம் போட்டதே இல்லை. அப்படியொரு பாடம் எங்களுக்கு இருந்ததில்லை.

மேல் அணை இருந்த இடத்தை இப்போது மேலே நின்று பார்க்கலாம். ஆனால் வண்டி போகாது. அணை போன பிறகு ஆறு தன் பழைய சுதந்திரத்தோடு புரண்டு, கரையோர முகாம்களையும் சாலையையும் அரித்துவிட்டது. மேடிசன் அருவிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். என் மனைவி அருவியோடு நின்றுவிட்டாள். நானும் மகனும் நடந்தோம். சாலை அறுந்த இடத்தில் கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. கலைப்பதற்கும் விலை உண்டு என்று நம்பாதவர்கள் அந்த இடத்தைப் பார்க்கலாம்.

அணை நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் கான்கிரீட் முனைகள் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். நடுவே, ஆழத்தில், ஆறு. முன்பு ஏரி கிடந்த பள்ளத்தாக்கில் இப்போது இளங்காடு. கீழே கடலோரத்தில், நூறாண்டு அடைபட்ட மணல் வந்து சேர்ந்து, அரித்துப்போயிருந்த முகத்துவாரத்தில் புதுக் கடற்கரையே உண்டாகியிருக்கிறது. கீழ் ஏரி வற்றியபோது, கிளாலம் மக்கள் தாங்கள் படைக்கப்பட்டதாக நம்பும் இடம் வெளியே வந்தது. பாட்டன் பூட்டன் சொல்லக் கேட்டதை அவர்கள் நேரில் போய்த் தொட்டுப் பார்த்தார்கள்.

அங்கே நின்றபோது எனக்கு எங்கள் பாளையங்கோட்டை வீட்டின் மாடி நினைவுக்கு வந்தது. மகன் பொறியியல் படிக்கும்போது கட்டியது. படித்து முடித்து, கல்யாணம் ஆகி, அவன் குடும்பத்தோடு அங்கேதான் இருப்பான் என்று தனிச் சமையலறை, தனி வாசல் எல்லாம் வைத்துக் கட்டினேன். அன்றைக்கு அது சரியான திட்டம்தான். அவனை ஊரோடு கட்டி வைக்கும் என்று நம்பினேன். படிக்கிற காலத்தில் அவனும் அதை விரும்பினான். அவன் சியாட்டில் வந்து வேரூன்றிவிட்டான். மாடி பூட்டியே கிடக்கிறது. நாங்கள் ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் மாடியைச் சுத்தம் செய்தோம், மாடிக்கு வெள்ளையடித்தோம் என்று சொல்வோம். அவன் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பேசாமல் இருப்பான்.

“மாடிய இனிமே உனக்குன்னு வச்சிருக்கப் போறதில்ல தம்பி. யாருக்காவது குடுத்துருதோம்” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். “என்னப்பா திடீர்னு?”

“திடீர்னு இல்ல. ரொம்ப நாளா.”

கொஞ்ச நேரம் கழித்து, “அம்மாவுக்கு?” என்று கேட்டான். அவனுக்கு முதலில் தோன்றியது அதுதான். சரியான கேள்வி. பிரிக்கிற வேலையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்: இதை நம்பி இருப்பவர் யார், அவருக்கு என்ன வழி? போர்ட் ஏஞ்சலிஸில் குடிநீருக்கு வழி செய்துவிட்டுத்தான் அணையில் கை வைத்தார்கள். அவன் அம்மாவிடம் பேச எனக்கு அதன்பிறகு பல வாரங்கள் ஆயின. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினேன். முதலில் அழுதாள். பிறகு, யாருக்குக் கொடுக்கலாம் என்று அவளே பேச ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்குப் போட்ட பந்தலை மறுநாள் பிரிக்கும்போது யாரும் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. பந்தல்காரர் முடிச்சு போடும்போதே அவிழ்க்கத் தோதாகத்தான் போடுகிறார். வீட்டுக்கும் அணைக்கும், பிள்ளைகள் மேல் நாம் வைக்கும் எதிர்பார்ப்புக்கும் மட்டும் ஏன் அவிழாத முடிச்சாகப் போடுகிறோம்? நம் உழைப்பு அதில் இருப்பதால்தான். உழைப்பு இருந்த இடத்தில் நாமே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு கட்டுமானம் செய்ய வந்த வேலையைச் செய்து முடித்திருந்தால், அதைப் பிரிப்பதால் அந்த உழைப்பு இல்லையென்று ஆகிவிடாது. போர்ட் ஏஞ்சலிஸ் ஊர் இன்றும் இருக்கிறது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் ஆபத்தான பேச்சாகிவிடும். ஸ்க்விமுக்குப் பக்கத்திலேயே ஜேம்ஸ்டவுன் ஸ்கிளாலம் மக்கள் இருக்கிறார்கள். 1855 ஒப்பந்தத்தின்படி அவர்கள் தங்கள் ஊர்களை விட்டு வேறொரு ஒதுக்கீட்டு நிலத்துக்குப் போயிருக்க வேண்டும். அவர்கள் போகவில்லை. 1874-ல் தங்களுக்குள் காசு சேர்த்து, 500 டாலர் பொற்காசு கொடுத்து, 210 ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். தங்கள் சொந்த மண்ணை! அமெரிக்க அரசு அவர்களைப் பழங்குடியாக ஏற்றுக்கொண்டது 1981-ல். அவர்களுடைய ஊரைக் கலைக்க நினைத்தவர்களும் முன்னேற்றம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தான் கட்டியதைத் தான் பிரிப்பது ஒன்று. இன்னொருவர் வாழும் இடத்தைப் பிரிப்பது முற்றிலும் வேறு. முதலாவது துணிச்சல், இரண்டாவது அநியாயம். எல்வாவில் அணையை எடுத்தது நியாயமானதற்கு முக்கியமான காரணம், அந்த ஆற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்களே அதைக் கேட்டார்கள் என்பது.

அணையை இடித்த கதையைச் சொல்வதால் நம் ஊர் அணைகளை இடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாமிரபரணியில் கன்னடியன் அணைக்கட்டும் மருதூர் அணைக்கட்டும் இல்லையென்றால் எங்கள் ஜில்லாவில் நெல் ஏது? கல்லணை இன்றும் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கிறது. வேலை செய்துகொண்டிருப்பதை வணங்க வேண்டும், பராமரிக்க வேண்டும், தூர் வார வேண்டும். ஆனால் நம் எல்லா ஊரிலும் வேலை செய்யாத கட்டுமானங்கள் நிற்கின்றன. தண்ணீர் வராத கால்வாயின் மதகு, ஓடைக்குக் குறுக்கே யாருக்கும் பயனில்லாத தடுப்புச் சுவர், மழை பெய்தால் ஊரை மூழ்கடிக்கும் ரோட்டு மேடு. கட்டியதற்கு நிதி வந்தது. எடுப்பதற்கு நிதி ஒதுக்கத் தலைப்பே கிடையாது. ஆகவே அவை நிற்கின்றன.

2023 அக்டோபரில் கீழ் எல்வா கிளாலம் மக்கள், அணைகள் போன பிறகு முதன்முறையாக, தங்கள் ஆற்றில் கோஹோ சால்மன் பிடித்தார்கள். சடங்குக்கும் சாப்பாட்டுக்கும் என்று கொஞ்சம்தான். முதல் கல்லைப் பெயர்த்ததிலிருந்து அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இன்னும் பல மீன் இனங்கள் முழுதாகத் திரும்பவில்லை.

துறையில் இப்போது இருக்கும் இளைய பொறியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போடும் எஸ்டிமேட்டில் மண் வேலை, கான்கிரீட், கம்பி, சென்டரிங், மேற்பார்வை எல்லாவற்றுக்கும் வரி இருக்கிறது. கடைசியில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: இது எத்தனை ஆண்டுக்கு, அதன்பின் இதை எடுக்க என்ன செலவாகும், யார் எடுப்பது. மேலதிகாரி அந்த வரியை அடித்துவிட்டாலும் அடுத்த எஸ்டிமேட்டில் மறுபடி எழுதுங்கள்.